கெல்ட்டியர், கல்லியர், பிரிட்டனியர்: பழம்பெயர்கள் எங்கிருந்து வந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மக்கட்கூட்டத்தின் பெயருக்குப் பொருள் தேடுவதற்கு முன்னால், அந்தப் பெயரைச் சொன்னது யார் என்று கேட்க வேண்டும். கெல்ட் மொழிகளைப் (இன்றைய ஐரிஷ், வெல்ஷ் முதலியவை அந்தக் குடும்பத்தவை) பேசிய பழைய மக்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதி வைக்கவில்லை. கிரேக்கரும் ரோமரும் எழுதிய குறிப்புகள், நாணயங்கள், கல்வெட்டுகள், இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள் ஆகியவைதான் நமக்கு மிஞ்சியவை. அவற்றைக் கொண்டு என்ன சொல்ல முடியும், எதைச் சொல்லக் கூடாது என்பதே இந்தப் பக்கம்.

கெல்ட்டியர் என்ற பெயர் முதன்முதலில் எங்கே வருகிறது?

கிரேக்கரிடம். கி.மு. 500 வாக்கில் வாழ்ந்த மிலேட்டஸ் நகரத்து ஹெக்கடேயஸ், இன்றைய மார்செய் நகரமான மஸ்ஸாலியா கெல்ட்டியர் நாட்டுக்கு அருகே இருக்கிறது என்று எழுதினார். அவருடைய நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. பிற்காலத்தார் எடுத்தாண்ட துணுக்குகள்தான் இருக்கின்றன. அடுத்து கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். டான்யூப் ஆறு கெல்ட்டியர் நாட்டில், பிரேனே என்ற நகருக்கு அருகே தோன்றுகிறது என்றும், கெல்ட்டியர் ஹெர்குலிஸின் தூண்களுக்கு, அதாவது ஜிப்ரால்டர் நீரிணைக்கு, அப்பால் வாழ்கிறார்கள் என்றும் அவர் சொல்கிறார்.

இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. டான்யூப் பிறப்பது தெற்கு ஜெர்மனியில். ஜிப்ரால்டர் இருப்பதோ ஸ்பெயினின் தென்கோடியில். அவருடைய நிலவியல் தெளிவற்றது என்பது உண்மைதான். ஆனால் கெல்ட்டியர் என்ற பெயரை அவர் விளக்கம் சொல்லாமலே பயன்படுத்துகிறார். அவருடைய வாசகர்களுக்கு அது கேள்விப்பட்ட பெயராக இருந்திருக்க வேண்டும்.

அவர்கள் தங்களைத் தாங்களே அப்படி அழைத்துக்கொண்டார்களா?

ஒரு பகுதியினர் அழைத்துக்கொண்டார்கள். இதற்குச் சான்று ஜூலியஸ் சீசர். கல்லியா (பெரும்பாலும் இன்றைய பிரான்ஸ்) மீதான தம் போர்களைப் பற்றிய நூலை அவர் தொடங்குவதே இப்படித்தான்: நாடு மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, அவற்றுள் ஒன்றில் வாழ்பவர்கள் தங்கள் மொழியில் கெல்ட்டே என்றும் எங்கள் மொழியில் கல்லி என்றும் அழைக்கப்படுகிறார்கள். எட்டு ஆண்டுகள் அந்த மண்ணில் போரிட்டவர், அங்கிருந்த தலைவர்களோடு பேசியவர் சொல்வதால் இதற்கு எடை அதிகம். ஆனால் அவர் சொல்வது நடுப்பகுதியைப் பற்றி மட்டும். வடக்கே பெல்ஜியரும் தென்மேற்கே அக்விடானியரும் வேறு என்கிறார்.

சீசரை எதிர்த்து நின்ற கல்லியத் தலைவன் வெர்சிங்கெட்டோரிக்ஸின் தந்தை பெயர் கெல்ட்டில்லஸ். ஸ்பெயினின் மேற்குப் பகுதிக் கல்வெட்டுகளில் கெல்டியஸ் என்ற ஆட்பெயர் வருகிறது. ஸ்பெயினின் பில்பிலிஸ் ஊரில் பிறந்த ரோமக் கவிஞர் மார்ஷியல், தாம் ஐபீரியருக்கும் கெல்ட்டியருக்கும் பிறந்தவர் என்று பெருமையோடு எழுதுகிறார். வெளியார் ஒட்டிய பெயர் மட்டுமாக இருந்தால் அது வீட்டுக்குள் நுழைந்து பிள்ளைக்கு வைக்கும் பெயராக ஆகியிருக்காது என்பது என் கருத்து.

சரி, 'கெல்ட்' என்பதற்குப் பொருள் என்ன?

முடிவான விடை இல்லை. 'உயர்ந்த', 'மறைக்க', 'அடிக்க' என்று பொருள்படும் வெவ்வேறு இந்தோ-ஐரோப்பிய வேர்களை அறிஞர்கள் முன்வைத்திருக்கிறார்கள். உயர்ந்தவர்கள், மறைந்திருப்பவர்கள், போரிடுபவர்கள் என்று மூன்று அழகான விளக்கங்கள் கிடைக்கின்றன. மூன்றும் ஒலி விதிகளுக்கு ஒத்துவருகின்றன. அதனாலேயே எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஏதாவது ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லும் புத்தகத்தைக் கண்டால் கவனமாக இருங்கள்.

கிரேக்கர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஹெர்குலிஸ் மேற்கே போனபோது கெல்டினே என்ற இளவரசியை மணந்தான், பிறந்த மகன் கெல்ட்டஸ், அவன் வழிவந்தவர்கள் கெல்ட்டியர் என்று கதை சொன்னார்கள். மக்களின் பெயரிலிருந்து ஒரு மூதாதையைப் படைத்து, பிறகு அவரிடமிருந்து பெயர் வந்ததாகச் சொல்வது பழைய உலகமெங்கும் இருந்த வழக்கம்.

கல்லியர், கலாத்தியர் எல்லாம் அதே பெயர்தானா?

கல்லி என்பது ரோமர் சொல். கலாத்தே என்பது கிரேக்கரிடம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலிருந்து பரவிய சொல். கி.மு. 279-ல் பிரென்னஸ் தலைமையில் ஒரு படை கிரேக்கத்துக்குள் புகுந்து டெல்ஃபி வரை போனது; அடுத்த ஆண்டே சில கூட்டங்கள் இன்றைய துருக்கிக்குள் நுழைந்தன. அதன் பின்னரே இந்தப் பெயர் எங்கும் ஒலிக்கிறது. 'கலாத்தே' என்பது பிற்காலத்தில் வழக்குக்கு வந்தது, முன்பு அவர்கள் தங்களிடையேயும் பிறரிடமும் கெல்ட்டியர் என்றே அழைக்கப்பட்டார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் பௌசானியாஸ் தெளிவாகச் சொல்கிறார்.

பொருளைப் பொறுத்தவரை இங்கே நிலைமை கொஞ்சம் மேல். பழைய ஐரிஷில் 'கல்' என்றால் வீரம், போர்வெறி. வெல்ஷில் 'கல்லு' என்றால் இயலுதல், ஆற்றல். ஆகவே 'ஆற்றல் உடையவர்கள்' என்ற விளக்கத்தைப் பலரும் ஏற்கிறார்கள். கல்லியும் கலாத்தேயும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம். கெல்ட்டியரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான கெல்ட்டோயும் அதே பெயர்தான் என்று சொல்வோர் உண்டு. முதல் மெய்யொலி வேறுபடுவதை (கெல்ட்டோயில் k, கல்லியில் g) அவர்கள் சரியாக விளக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

லத்தீனில் 'கல்லுஸ்' என்றால் சேவலும்கூட. இரண்டு சொற்களுக்கும் உறவு கிடையாது, ஒலி மட்டுமே ஒன்று. ஆனாலும் பிரான்ஸ் நாட்டு விளையாட்டு வீரர்களின் சட்டையில் இன்று சேவல் நிற்பதற்கு அந்த ஒலி ஒற்றுமைதான் காரணம்.

பைபிளில் வரும் கலாத்தியர் இவர்கள்தானா?

ஆம். பவுல் எழுதிய நிருபத்தைப் பெற்ற கலாத்தியா, துருக்கியின் நடுப்பகுதி. டோலிஸ்டோபோகியர், ட்ரோக்மியர், டெக்டோசாகர் என்று மூன்று கூட்டங்கள் அங்கே குடியேறின. இன்றைய தலைநகர் அங்காரா டெக்டோசாகர்களின் நகரமாக இருந்தது. பவுலின் காலத்தில் அந்த மாகாணத்தில் வேறு இனத்தவரும் நிறைய இருந்தார்கள், அதனால் அவர் எழுதியது கெல்ட் வழியினருக்கு மட்டும் என்று கொள்ள முடியாது.

இந்த நிருபத்துக்கு 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரை எழுதிய புனித ஜெரோம் ஓர் அருமையான செய்தியை விட்டுச் சென்றிருக்கிறார்: கலாத்தியர் கிரேக்கம் பேசினாலும், அவர்களுக்கென்று ஒரு மொழி உண்டு, அது கிட்டத்தட்ட ட்ரெவெரியரின் மொழியேதான். ட்ரெவெரியர் என்றால் ஜெர்மனியின் ட்ரியர் நகரத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள். ஜெரோம் இளமையில் ட்ரியரில் தங்கியவர், பின்னர் கலாத்தியா வழியாகவும் பயணம் செய்தவர். மோசல் ஆற்றங்கரையிலும் அனடோலியப் பீடபூமியிலும் அறுநூறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் ஒரே சாயல் கொண்ட பேச்சு!

பிரான்ஸைக் குறிக்கும் 'கோல்' என்ற சொல் கல்லியாவிலிருந்து வந்ததுதானே?

இல்லை. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பொறி இதுதான். லத்தீனில் சொல்லின் முதலில் 'க' (g) வந்து அடுத்து 'அ' ஒலித்தால், பிரெஞ்சில் அது 'ஜ' போல மென்மையாகிவிடும். 'கம்பா' (கால்) என்பது 'ஜாம்ப்' ஆனது அப்படித்தான். கல்லியாவும் அதே வழியில் போயிருந்தால் 'ஜாய்' போன்ற ஒரு சொல் கிடைத்திருக்க வேண்டும். 'கோல்' என்பது ஃபிராங்கு மக்களின் ஜெர்மானியச் சொல்லிலிருந்து, 'வல்ஹர்களின் நாடு' என்ற பொருளில் வந்தது. ஜெர்மானிய 'வ' பிரெஞ்சில் 'க' (g) ஆகும்.

யார் அந்த வல்ஹர்கள்? ஜெர்மானியருக்கு அண்டையில் வொல்கே என்றொரு கெல்ட் கூட்டம் இருந்தது. அதன் ஒரு பிரிவு ஜெர்மனிப் பகுதியின் ஹெர்சீனியக் காட்டுப் பக்கம் வாழ்ந்ததாகச் சீசரே குறிப்பிடுகிறார். அந்த ஒரு கூட்டத்தின் பெயரை ஜெர்மானியர் முதலில் எல்லாக் கெல்ட்டியருக்கும் வைத்தார்கள். பிறகு கெல்ட்டியர் நாடுகள் ரோமமயமானபோது, லத்தீன் பேசியவர்களுக்கும் வைத்தார்கள். கடைசியில் 'நம் மொழி பேசாத அயலான்' என்ற பொதுப்பொருளே நின்றது.

பிரிட்டனுக்குப் போன ஆங்கிலோ-சாக்சன்கள் அங்கிருந்தவர்களை அப்படி அழைத்ததில் வேல்ஸ் பிறந்தது. கார்ன்வாலின் பின்பாதியும் அதுவே. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வல்லோனியா, ருமேனியாவின் வலாக்கியா இரண்டும் இதே சொல். போலந்துக்காரர் இத்தாலியை 'வ்வோகி' என்பதும், ஹங்கேரியர் இத்தாலியரை 'ஓலஸ்' என்பதும் இதிலிருந்துதான். கடையில் வாங்கும் வால்நட் பருப்பிலும் அந்தக் கூட்டத்தின் பெயர் ஒளிந்திருக்கிறது; 'அயல்நாட்டுக் கொட்டை' என்பதே அதன் பழைய பொருள்.

அப்படியானால் வேல்ஸ் மக்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள்?

கம்ரி. நாட்டின் பெயரும் ஒலிப்பில் அதேதான். பழைய வடிவம் 'கொம்ப்ரொகி': 'கொம்' என்றால் கூட, 'ப்ரொக்' என்றால் எல்லை, நிலப்பகுதி. ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள் என்று பொருள். வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியாவும் இதே சொல்லே. ஊரார் 'அயலான்' என்று அழைத்தவர்கள் தங்களுக்குள் 'நாம் ஒரே நாட்டார்' என்று சொல்லிக்கொண்டார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பெயரும் உண்டு. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், ஜெனீவா ஏரிக்கும் ரோன் ஆற்றுக்கும் இடையே வாழ்ந்தவர்கள் அல்லோப்ரொகியர். 'அல்லோ' என்றால் வேறு, வேற்று நிலத்தார். கவிஞர் ஜூவெனலுக்குப் பழங்காலத்தில் எழுதப்பட்ட உரைக்குறிப்பு ஒன்று, கல்லியர் 'ப்ரொகா' என்று நிலத்தைச் சொல்வார்கள், 'அல்லா' என்றால் வேறு என்று விளக்கியே வைத்திருக்கிறது.

பிரிட்டன் என்ற பெயர்?

கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மஸ்ஸாலியாவிலிருந்து வடகடலுக்குக் கப்பலேறிய பிதியாஸ் வழியாகவே இந்தப் பெயர் கிரேக்கரை அடைந்தது. அன்று அது வல்லொலிப் 'ப'கரத்தில் (p) ஒலித்தது: பிரெட்டானிய தீவுகள். ரோமர் வாயில் 'ப' திரிந்து பிரிட்டானியாவின் முதலொலியான b ஆனது. வெல்ஷ் மொழியில் இன்றும் 'ப்ரிதைன்' என்ற பழைய ஒலியே நிற்கிறது.

வெல்ஷில் 'ப்ரிட்' என்றால் உருவம், வடிவம். ஆகவே 'உருவம் வரைந்துகொண்டவர்கள்', அதாவது உடம்பில் ஓவியமோ பச்சையோ குத்தியவர்கள் என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்படுகிறது. பிரிட்டனியர் நீலச் சாயம் பூசிப் போருக்கு வருவதைச் சீசர் எழுதியிருப்பதும், கி.பி. 297-ல் முதன்முதலாகக் காணப்படும் 'பிக்ட்டி' என்ற லத்தீன் பெயருக்குத் 'தீட்டப்பட்டவர்கள்' என்ற பொருள் இருப்பதும் இதற்குத் துணை.

இதே பெயரை ஐரிஷ்காரர்கள் 'க்ருதின்' என்றார்கள். வெல்ஷிலும் கல்லிய மொழியிலும் 'ப' வரும் பல இடங்களில் ஐரிஷில் 'க' வரும்: தலைக்கு 'பென்', 'கென்'; நான்குக்கு 'பெட்வார்', 'கெஹிர்'. ப்ரிதைனும் க்ருதினும் இந்த விதிக்குள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. கெல்ட் மொழியியலைத் தொடங்குபவர்கள் முதலில் கற்க வேண்டியது இந்த விதியைத்தான்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து?

அயர்லாந்தின் தாய்மொழிப் பெயர் 'எய்ரே'. அதன் மூல வடிவத்தை 'கொழுமையான நிலம்' என்று விளக்குகிறார்கள். கொழுத்தவள் என்று பொருள்படும் சமஸ்கிருத 'பீவரீ' இதன் உறவுச்சொல். சொல்லின் முதலில் இருந்த 'ப' கெல்ட் மொழிகளில் மறைந்துவிட்டது. ரோமர் அதை ஹிபெர்னியா என்று எழுதியபோது தங்கள் மொழியின் 'ஹிபெர்னுஸ்' (குளிர்காலத்துக்குரிய) என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. அந்தத் தீவு ஓயாத குளிர்நாடு என்ற எண்ணத்துக்கு அது வாகாகவும் போயிற்று.

ஸ்காட்டி என்பது 4-ஆம் நூற்றாண்டு ரோம நூல்களில் வருவது. அன்று அது கடல்கடந்து வந்து கொள்ளையிட்ட அயர்லாந்துக்காரர்களின் பெயர். அவர்களில் ஒரு பகுதி வடபிரிட்டனில் குடியேறி வலுப்பெற்ற பிறகே அது ஸ்காட்லாந்துக்கு உரியதாயிற்று. பொருள் இதுவரை தெளியவில்லை. ஐரிஷ்காரர் தங்களுக்கு வைத்துக்கொண்ட 'கேல்' என்ற பெயரோ வெல்ஷ்காரரிடமிருந்து கடன் வாங்கியது. காட்டுமனிதர், சூறையாடுவோர் என்று அதற்கு அங்கே பொருள்.

தனித்தனிக் குலங்களின் பெயர்ப்பொருள் எப்படி உறுதியாகிறது?

பெரிய பெயர்களைவிடச் சிறிய குலப்பெயர்களே பல நேரம் தெளிவாக இருக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டை அருகிலிருந்து பார்ப்போம்.

தென்மேற்குப் பிரான்ஸில் பெரிகோ நகரம் இருக்கும் பகுதியில் பெட்ருகோரியர் வாழ்ந்தார்கள். வெல்ஷைக் கொண்டு 'பெட்ரு' நான்காக இருக்கலாம் என ஊகிக்கலாம். 'கொரியோ' என்பதற்கு ஐரிஷில் படைக்கூட்டம் என்ற பொருளில் 'குரே' உண்டு. ஆனால் ஊகம் போதுமா? தென் பிரான்ஸின் மிய்யோ ஊருக்கு அருகிலுள்ள லா கிராஃபெசாங்கில் கி.பி. முதல் நூற்றாண்டுக் குயவர்களின் பெரிய சூளைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. சூளையில் யார் யாருடைய பாத்திரங்கள் எத்தனை அடுக்கப்பட்டன என்ற கணக்கைக் குயவர்கள் தட்டுகளிலேயே கீறி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சுமைக்கும் வரிசை எண்: சிந்துக்ஸ், அல்லோஸ், ட்ரிடோஸ், பெடுவார்... நான்காவது, பெடுவார். கல்லிய மொழியில் நான்கு எப்படி ஒலித்தது என்பதற்கு அம்மொழி பேசியவர்களின் கையெழுத்தே சாட்சியாகிவிட்டது. நான்கு படைகளின் மக்கள் என்று இப்போது தயங்காமல் சொல்லலாம். இரண்டாவதைக் குறிக்கும் 'அல்லோஸ்' அல்லோப்ரொகியரின் 'வேறு' என்பதும்தான்!

இன்னொரு சான்று வியன்னாவில் உள்ள ஒரு கையெழுத்துப் படி. எண்ட்லிகர் என்ற அறிஞர் 1836-ல் வெளியிட்ட அந்தச் சிறு சொற்பட்டியலில், 'அரெமோரிசி' என்றால் கடலுக்கு முன் இருப்பவர்கள். ஏனென்றால் 'அரெ' முன், 'மோரெ' கடல் என்று லத்தீனில் விளக்கம் இருக்கிறது. வடமேற்குப் பிரான்ஸின் பிரெட்டனி கடற்கரையின் பழம்பெயரான அர்மோரிகா அதுவே.

எல்லாப் பழைய விளக்கத்தையும் நம்பிவிடவும் கூடாது. கி.மு. 225-ல் இத்தாலியில் நடந்த டெலமோன் போரில் ரோமரை எதிர்த்த கேசாட்டே வீரர்களின் பெயருக்குக் 'கூலிப்படையினர்' என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் பொருள் சொல்கிறார். உண்மையில் அது 'கைசோன்' என்ற ஈட்டியின் பெயரிலிருந்து வந்தது; ஈட்டிக்காரர். அவர் சொன்னது அவர்களின் தொழிலை.

மரங்களின் பெயரில் குலங்கள் இருந்தனவா?

பல இருந்தன. லிமோஷ் நகரத்து லெமோவிசரின் பெயரில் எல்ம் மரம் இருக்கிறது. ஓவெர்னு பகுதிக்குப் பெயர் கொடுத்த அர்வெர்னியரின் பெயரில் ஆல்டர் மரத்தைக் காண்போர் உண்டு. மியூஸ் ஆற்றுக்கும் ரைனுக்கும் இடையே வாழ்ந்த எபுரோனியரின் பெயரில் 'எபுரோ', யூ மரம். இலையும் விதையும் கொடிய நஞ்சு கொண்ட மரம் அது. கி.மு. 53-ல் சீசரிடம் தோற்ற எபுரோனியரின் முதிய அரசன் கடுவொல்கஸ், ஓடவும் போரிடவும் வலுவின்றி, யூ மர நஞ்சையே உண்டு உயிரை விட்டான் என்று சீசர் எழுதுகிறார். தன் குலப்பெயரில் இருந்த மரத்தையே அவன் தேர்ந்தது தற்செயலா என்று தெரியாது. அந்த வரியை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. இங்கிலாந்தின் யார்க் நகரமும் எபுராகும் என்ற பழம்பெயரின் திரிபே.

பிரெஞ்சு நகரங்களில் குலப்பெயர்கள் இவ்வளவு மிஞ்சியது ஏன்?

ரோமப் பேரரசின் பிற்காலத்தில், குலத்தின் தலைநகரைக் குலத்தின் பெயராலேயே அழைக்கும் பழக்கம் வடக்கு, நடுப் பிரான்ஸில் பரவியது. லுடேசியா என்ற ஊர் பாரிசியரின் நகரம் ஆகிப் பாரிஸாக நின்றது. டூரோகொர்டோரம் ரெமியரின் ரான்ஸ் ஆயிற்று. சமரோப்ரீவா அம்பியானியரின் அமியான் ஆயிற்று. ரென், நான்ட், வான், டூர், சான்ஸ், புவாட்டியே எல்லாம் இப்படியே.

புர்ஜ் நகரம் பிடூரிகெரின் பெயர்; 'உலகின் அரசர்கள்' என்று பொருள். அந்த நகரைச் சூழ்ந்த பெர்ரி பகுதியும் அதே பெயர்தான். சொல்லில் அழுத்தம் முன்னே விழுந்தபோது புர்ஜ், பின்னே விழுந்தபோது பெர்ரி. ஒரே குலம் வரைபடத்தில் இரண்டு முகத்தோடு நிற்கிறது.

பாரிசியர் என்பதன் பொருள் மட்டும் தீரவில்லை. 'கொப்பரை' என்றும் 'ஆணையிடுவோர்' என்றும் இரு கருத்துகள். எகிப்தியத் தேவி ஐசிஸின் பெயர் என்பதும், டிராய் இளவரசன் பாரிஸின் பெயர் என்பதும் பிற்காலப் புனைவுகள்.

கலீசியா என்று இரண்டு இடங்கள் இருக்கின்றனவே?

ஸ்பெயினின் கலீசியா, கல்லேசியர் என்ற உள்ளூர்க் குலத்தின் பெயர். உக்ரைன், போலந்து எல்லையிலுள்ள கலீசியா, ஹாலிச் என்ற ஊரின் லத்தீன் வடிவம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவோ உண்மையான கெல்ட் எச்சம்: போயி மக்கள் போன பிறகும் 'போயி இல்லம்' என்ற பெயர் அந்த மண்ணில் தங்கிவிட்டது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடுகிறார்.

கெல்ட் பெயர்களுக்குத் தமிழோடு உறவு உண்டா?

நேரடி உறவு இல்லை. கெல்ட் மொழிகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். தமிழ் திராவிடக் குடும்பம். 'கல்', 'சேரர்' என்று ஒலி ஒப்புமை காட்டும் விளக்கங்களில் மேலே பார்த்தது போன்ற ஒழுங்கான ஒலிவிதி எதுவும் கிடையாது. சமஸ்கிருதம் வழியாக வந்த ஒரு சொல்லில் மட்டும் மெய்யான தொடர்பு இருக்கிறது: வெர்சிங்கெட்டோரிக்ஸ், பிடூரிகெர் ஆகிய பெயர்களிலுள்ள 'ரிக்ஸ்' என்பதும் நாம் சொல்லும் 'ராஜா'வும் ஒரே மூலத்தின் கிளைகள்.

பழைய பிரிட்டனியரும் ஐரிஷ்காரரும் தங்களைக் கெல்ட்டியர் என்றார்களா?

அப்படிச் சொன்னதற்குப் பழங்காலச் சான்று இல்லை. பிரிட்டனின் ஆடவர் கெல்ட்டியரைவிட உயரமானவர்கள் என்று கிரேக்க நிலவியலாளர் ஸ்டிராபோ எழுதுவதிலிருந்தே, அவர் இருவரையும் வெவ்வேறாகக் கருதினார் என்பது விளங்கும்.

இணைத்தது மொழி ஆராய்ச்சி. ஸ்காட்லாந்து அறிஞர் ஜார்ஜ் புக்கனன் 1582-லேயே இந்த உறவைச் சுட்டினார். பிரெட்டனியைச் சேர்ந்த துறவி பெஸ்ரோன் 1703-ல் வெளியிட்ட நூல் பிரெட்டன், வெல்ஷ் மக்களைப் பழைய கெல்ட்டியரின் வழியினர் என்றது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகக் காப்பாளர் எட்வர்ட் லூயிட், 1707-ல் ஐரிஷ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் சொற்களை அடுக்கி ஒப்பிட்டார். அதன் பிறகு இந்த மொழிகளுக்குக் கெல்ட் என்ற பெயர் நிலைத்தது. இன்று ஓர் ஐரிஷ்காரர் தம்மைக் கெல்ட் என்பதில் தவறு ஏதுமில்லை. அவருடைய மூதாதையர் இரும்புக்காலத்தில் அப்படிச் சொன்னார்கள் என்று எழுதினால்தான் பிழை.

செல்ட்டா, கெல்ட்டா?

மக்களையும் மொழியையும் சொல்லும்போது கெல்ட். கிரேக்கத்திலும் சீசர் காலத்து லத்தீனிலும் முதலெழுத்து 'க'தான். கிளாஸ்கோ கால்பந்து அணியையோ அதன் ரசிகர்கள் செல்டிக் என்கிறார்கள். அதை அப்படியே எழுத வேண்டும்.